சேலம், ஏற்காடு: எத எங்க வாங்கறது? (மால் வேண்டாம்)

மேட்டூர்_தண்ணி:
எல்லாருக்கும் வணக்கங்க. அக்கா குடும்பம் மும்பையில இருந்து மே கடைசில வர்றாங்க. மாமாவுக்கு ஏற்காடு பாக்கணும், அக்காவுக்கு கடை சுத்தணும், அம்மாவுக்கு ரெண்டும் வேணும். மால் வேண்டாம்னு முதல்லயே சொல்லிட்டாங்க, அது அங்க தெருவுக்கு ஒண்ணு இருக்குதாம். இங்க செய்யறது, இங்க வெளையறது மட்டும்தான் வேணுமாம். நாங்க எப்பவும் நாலு ரோடு, சாரதா காலேஜ் ரோடுலயே முடிச்சுக்கற ஆளுங்க. மலைமேல என்ன வாங்கலாம், கீழ என்ன வாங்கலாம், எந்தெந்த ஏரியா, எத தொடவே கூடாது, எல்லாம் விவரமா சொல்லுங்க. ரெண்டு பொண்ணு குழந்தைங்க, அதனால கொலுசு கண்டிப்பா உண்டு.

குகைக்காரன்:
தம்பி, நல்ல நேரத்துலதான் வர்றாங்க, மாம்பழமும் இருக்கும், மலைமேல பலாவும் இருக்கும்.

முதல்ல ஒண்ணு புரிஞ்சுக்கணும். நம்ம ஊர்ல ஒரே எடத்துல எல்லாம் கெடைக்காது, கெடைச்சா அது சேலத்து சரக்கா இருக்காது. ஒவ்வொரு சாமானுக்கும் ஒரு பேட்டை, ஒரு வீதி, அதவிட முக்கியம் ஒவ்வொரு எடத்துக்கும் விலை போடற முறை ஒண்ணு இருக்கு. லீ பஜார்ல மூட்டை கணக்கு, கொலுசுக்கு கிராம் கணக்கோட கூலி தனி, தறிக்காரர் வீட்டுல அன்னிக்கு கையில என்ன சேலை இருக்கோ அதுக்கு ஒரு விலை, ஏற்காட்டு ரோட்டோரத்துல கூறு கணக்கு, உழவர் சந்தையில போர்டுல எழுதிப்போட்ட விலை. இத தெரிஞ்சுக்காம எல்லா எடத்துலயும் ஒரே மாதிரி பேரம் பேசினா ஒண்ணு நாம ஏமாறுவோம், இல்லனா அவங்க மனசு நோகும்.

காலைல செவ்வாய்ப்பேட்டையில ஆரம்பிங்க. லீ பஜார்ல பருப்பு, மிளகா, புளி, மஞ்சள் எல்லாம் மொத்தமா வந்து எறங்கற எடம், லாரியும் தள்ளுவண்டியும் ஒண்ணுமேல ஒண்ணு நிக்கும், கார்ல உள்ள போகவே நெனைக்காதீங்க. மொத்தக்கடைன்னு பயப்பட வேண்டாம், ஓரத்துல இருக்கற கடைங்கள்ல கிலோ கணக்குலயும் குடுப்பாங்க. அப்படியே மூலப்பிள்ளையார் கோவில் பக்கம் போனா வெல்ல மண்டி, சுத்துப்பட்டு ஆலைங்கள்ல காய்ச்சற வெல்லம் அங்கதான் ஏலத்துக்கு வருது. மும்பைக்காரங்களுக்கு அத காட்டுங்க, எந்த மால்லயும் பாக்க முடியாது. வெல்லம் வாங்கினா பளிச்சுன்னு வெளுத்த மஞ்சள்ல இருக்கறத எடுக்காதீங்க, அது ஹைட்ரோஸ்ங்கற ரசாயனம் போட்டு வெளுத்ததா இருக்கலாம், சர்க்கரை கலந்ததாவும் இருக்கலாம், அதிகாரிங்க அப்பப்ப மூட்டை மூட்டையா பிடிக்கறத பேப்பர்ல பாக்கறோமே. கொஞ்சம் கருத்து, கையில பிசுபிசுன்னு இருக்கறதுதான் எடுக்கணும்.

அங்க இருந்து சின்னக்கடை வீதி, பெரியகடை வீதி, அக்ரஹாரம். இதெல்லாம் பழைய பஸ் ஸ்டாண்ட சுத்தி நடக்கற தூரம்தான், இப்ப ஈரடுக்கு பஸ் ஸ்டாண்ட் ஆக்கிட்டாங்க. வ.உ.சி. பூ மார்க்கெட்ல மல்லி, கனகாம்பரம், அப்புறம் வளையல், பூஜை சாமான், பாத்திரம் எல்லாம் அந்த வட்டத்துலயே முடிஞ்சிடும். கோட்டை மாரியம்மன் கோவிலும் பக்கத்துலயே, அம்மாவ அங்க உக்கார வெச்சுட்டு கூட நீங்க சுத்தலாம். ஆடி மாசம் வந்திருந்தாங்கன்னா அந்த கடை வீதியே வேற மாதிரி இருக்கும், அது இன்னொரு தடவைக்கு.

சாலைப்பயணி:
கீழ எல்லாம் சரிதான். ஆனா ஏற்காட்டுல வாங்க என்னங்க இருக்கு? லேக் பக்கத்துல இருக்கற கடைங்கள பாத்தா ஊட்டியில இருக்கற அதே சாக்லேட் பாக்கெட், அதே தொப்பி, அதே சாவிக்கொத்து, அதே தைலம். ஆரஞ்சு கேட்டா ஆரஞ்சு பேரே இல்லாத சீசன்ல கூட அடுக்கி வெச்சிருக்காங்க, அது எந்த மலையில வெளைஞ்சதுன்னு கேட்டா பதில் இல்ல. வீக்கெண்டுல விலையும் ஏறிடும். வியூ பாத்துட்டு, பஜ்ஜி சாப்டுட்டு எறங்கிட வேண்டியதுதான், பர்ச எடுக்கவே வேண்டாம்.

ஒண்டிக்கடை_ஓரம்:
@சாலைப்பயணி அண்ணா, நீங்க லேக்க சுத்தி மட்டும் பாத்துட்டு மலைய பாத்தேன்னு சொல்றீங்க. நான் இங்கயே பொறந்தவ, கொஞ்சம் நீளமா எழுதறன், கோவிச்சுக்காதீங்க.

இந்த சேர்வராயன் மலையில காப்பி 1820லயே வந்திருச்சு, சேலம் கலெக்டரா இருந்த காக்பர்ன் கொண்டாந்து வெச்சது. இருநூறு வருசமா காப்பி போட்டுட்டு இருக்கற மலையில வந்து ஊட்டி சாக்லேட் வாங்கிட்டு போறவங்கள பாத்தா எனக்கு உண்மையாவே வருத்தமா இருக்கும். சில்வர் ஓக் மரத்து நெழல்ல காப்பிச்செடி, அந்த மரத்துமேலயே மிளகுக்கொடி, எடையில ஆரஞ்சு, பலா, பேரிக்கா, பட்டர் ஃப்ரூட். இதுதான் எங்க கடை.

என்ன வாங்கணும்னா முதல்ல சீசன் பாக்கணும். காப்பிப்பழம் பறிக்கறது நவம்பர்ல இருந்து பிப்ரவரி வரைக்கும், மிளகு ஜனவரில இருந்து மார்ச் வாக்குல. அப்ப மே மாசம் வர்றவங்களுக்கு அந்த வருசத்து புது மிளகு நல்லா காஞ்சு தயாரா இருக்கும். மலையாளி மக்கள் (கேரளாக்காரங்க இல்ல, இந்த மலையோட பழங்குடிங்க) ஊருங்க, நாகலூர், மஞ்சக்குட்டை, செம்மநத்தம் பக்கமெல்லாம் ரோட்டோரத்துல பொம்பளைங்க சாக்கு விரிச்சு மிளகு, பலாச்சுளை, மலைக்கொய்யா, சவ்சவ்னு வெச்சிருப்பாங்க, அவங்க கொல்லையில காச்சது. மே, ஜூன்ல பலாதான் ராஜா. பேரிக்காய்க்கு ஜூலை, ஆகஸ்ட் வரணும். உள்ளூர் ஆரஞ்சு கார்த்திகை, மார்கழிலதான், அதுவும் இப்ப முன்ன மாதிரி இல்ல, தோட்டம் ரொம்ப கொறைஞ்சு போச்சு. அதனால மே மாசம் யாராவது ஏற்காடு ஆரஞ்சுன்னு சொன்னா வாங்காதீங்க, அந்த விசயத்துல அண்ணா சொல்றது சரி.

மிளகு வாங்கும்போது நாலு மிளகு எடுத்து தண்ணில போட்டு பாருங்க, முத்துன மிளகு அடில போயிரும், பொக்கும் பப்பாளி வெதையும் மெதக்கும். கொஞ்சம் வாயில கடிச்சு பாத்தாலே போதும், கண்ணுல தண்ணி வரணும்.

காப்பிப்பொடி வாங்கறவங்க சிக்கரி எவ்வளவுன்னு கேளுங்க. பாக்கெட்ல காப்பி எத்தனை சதவீதம் சிக்கரி எத்தனை சதவீதம்னு போட்டே ஆகணும், சட்டம் அது. கலவையில காப்பி பாதிக்கு மேல, கொறைஞ்சது 51 சதவீதம் இருக்கணும். எஸ்டேட் பொடின்னு பெரிய எழுத்துல போட்டுட்டு பொடி எழுத்துல 60க்கு 40ன்னு இருக்கும், திருப்பி பாருங்க. எங்க வீட்டுக்கு வர்ற சொந்தக்காரங்களுக்கு நான் சொல்றது ஒண்ணுதான்: வறுத்த கொட்டையா வாங்கிக்கங்க, பீபெரின்னு (பழத்துக்குள்ள ஒத்தக்கொட்டையா இருக்கறது) கேளுங்க, வீட்டுல கொஞ்சம் கொஞ்சமா அரைச்சுக்கங்க, சிக்கரி வேணும்னா நீங்களே சேத்துக்கங்க. பொடியா வாங்கினா மும்பை போறதுக்குள்ளயே பாதி வாசம் போயிரும்.

இன்னொரு விசயம். மே மாசம் கோடை விழா நடக்கும், அண்ணா பூங்கால மலர் கண்காட்சி, மகளிர் குழு ஸ்டால் எல்லாம் போடுவாங்க. அங்க தேன், மிளகு, சிறுதானியம்னு நல்ல சரக்கு கெடைக்கும். மே மாசத்துலயே சேர்வராயன் கோவில் திருவிழாவும் வரும், அந்த நாள் அமைஞ்சா விடாதீங்க. சுத்தி இருக்கற எல்லா மலைக்கிராமத்துக்காரங்களும் அங்க வருவாங்க, அந்த கடைங்க டூரிஸ்ட்டுக்காக போட்டது இல்ல, எங்களுக்காக போட்டது.

சாலைப்பயணி:
@ஒண்டிக்கடை_ஓரம் சரிங்கம்மா, சீசன் விவரம் எனக்கு புதுசு, நன்றி. ஆனா விலை விசயத்துக்கு பதில் சொல்லலையே. சனி, ஞாயிறுல அதே மிளகுக்கு விலைய ஏத்தி சொல்றாங்க, அத என்ன பண்றது?

ஒண்டிக்கடை_ஓரம்:
ஏத்தறாங்க, இல்லன்னு சொல்ல மாட்டேன். லேக் பக்கம் வாடகைக் கடைக்காரர் ஏத்துவார், அவருக்கு வருசத்துல இருக்கற சீசனே கோடை ரெண்டு மாசமும் வீக்கெண்டும்தான். ஆனா சாக்கு விரிச்சு உக்காந்திருக்கற அக்காவும் அவரும் ஒண்ணு இல்லண்ணா. அவங்க கூறு வெச்சு விக்கறாங்க, ஒரு கூறு கேட்டா மேல ஒரு கை அள்ளி போடுவாங்க, அதுதான் அவங்க தள்ளுபடி. காலைல வெள்ளன மலை ஏறி வந்து, பொழுது எறங்கறதுக்குள்ள ஊர் திரும்பணும், சரக்கு மிஞ்சினா தூக்கிட்டு நடக்கணும். அவங்ககிட்ட பத்து ரூபா கொறைக்கறதுக்கு கால் மணி நேரம் நின்னு வாதாடற கார்க்காரங்கள தெனம் பாக்கறேன், அதே ஆளுங்க அடுத்த வளைவுல பாக்கெட் சாக்லேட்டுக்கு சொன்ன விலைய குடுத்துட்டு போறாங்க. எனக்கு அதுதான் பொறுக்கல. விலை தெரியணும்னா வர்றதுக்கு முன்னாடியே லீ பஜார்ல மிளகு என்ன விலைன்னு கேட்டுட்டு வாங்க, உங்களுக்கே நியாயம் தெரிஞ்சிடும்.

பட்டறை_வீடு:
கொலுசு பத்தி யாரும் எழுதல, எங்க தொழிலே அதான், நான் சொல்றன்.

செவ்வாய்ப்பேட்டை, சிவதாபுரம், பனங்காடு, பள்ளப்பட்டி, குகைன்னு இந்த ஏரியால வீட்டுக்கு வீடு பட்டறை. ஒரு ஜோடி கொலுசு ஒரே வீட்டுல செய்யறது இல்லீங்க, ஒருத்தர் கம்பி இழுப்பார், ஒரு வீட்டுல கண்ணி கோப்பாங்க, இன்னொரு வீட்டுல சலங்கை, பூ வெச்சு சூடு பண்ணி பத்த வெச்சு ஒட்டுவாங்க, அப்புறம் மெருகு போடறது தனி, மீனா வேல (கலர் பூசறது) தனி. அத்தன கை மாறி வந்துதான் உங்க காலுக்கு வருது. வட நாட்டு வியாபாரிங்க இங்க வந்துதான் ஆர்டர் குடுக்கறாங்க, உங்க அக்கா மும்பையில பாத்த கொலுசுல பாதி இங்க செஞ்சதா கூட இருக்கலாம்.

வாங்கும்போது கேக்க வேண்டியது டச். 80 டச்னா நூறு கிராம்ல எண்பது கிராம் வெள்ளி, மிச்சம் செம்பு மாதிரி வேற உலோகம். டச் கொறைஞ்சா விலை கொறையும், ஆனா திருப்பி போடும்போது அந்த வெள்ளிக்கு மட்டும்தான் காசு. சுத்த வெள்ளில கொலுசு பண்ண முடியாது, வளைஞ்சுரும், அறுந்துரும், அதனால கலப்பு இருக்கறது தப்பே இல்ல, எவ்வளவுன்னு சொல்லாம விக்கறதுதான் தப்பு. ஒரு எடத்துல எங்க சொந்தக்காரப் பொண்ணுக்கு வாங்கினப்ப வாயில ஒரு டச் சொல்லிட்டு பில்லுல வெள்ளி கொலுசுன்னு மட்டும் எழுதி குடுத்தாங்க, மாத்த போனப்ப மூணுல ஒரு பங்கு காசு கழிஞ்சு போச்சு. அதனால பில்லுல எடை, டச், கூலி மூணும் தனித்தனியா எழுதி வாங்குங்க, ஜிஎஸ்டி 3 சதவீதம் அதுக்கு மேல.

2025 செப்டம்பர் 1ல இருந்து வெள்ளிக்கும் ஹெச்யுஐடி (ஒவ்வொரு நகைக்கும் தனியா போடற அடையாள எண்) நம்பரோட ஹால்மார்க் வந்திருக்கு, கட்டாயம் இல்ல, கடைக்காரர் விருப்பம். அதுல கம்மியான தரமே 800, அதாவது 80 டச். அதுக்கு கீழ இருக்கற கொலுசுக்கு ஹால்மார்க்கே கெடையாது. குழந்தைங்களுக்கு வாங்கறதால ஹால்மார்க் உள்ளதா கேளுங்க. திருகு நல்லா பாருங்க, சின்னப்பசங்க ஓடி ஆடும்போது முதல்ல போறது திருகுதான். சலங்கை நெறைய இருக்கறத பசங்க கேப்பாங்க, வாங்கி குடுங்க.

மேட்டூர்_தண்ணி:
@பட்டறை_வீடு அண்ணா, இத்தனை வெவரம் எந்த கடையிலயும் சொல்ல மாட்டாங்க, ரொம்ப நன்றி. அடுத்து சேலை. அக்கா இளம்பிள்ளை இளம்பிள்ளைன்னு ஒரே பேச்சு, வாட்ஸ்அப் குரூப்ல பாத்திருக்காங்களாம். நேர்ல போகலாமா, இல்ல அக்ரஹாரத்துலயே முடிச்சுக்கலாமா?

தறிச்சத்தம்:
நேர்ல போங்க. சேலத்துல இருந்து 20 கிலோமீட்டர் வாக்குலதான் வரும், ஊருக்குள்ள நுழையும்போதே தறிச்சத்தம் கேக்கும். வாட்ஸ்அப்ல கலர் ஒரு மாதிரி தெரியும், கையில வேற மாதிரி இருக்கும், அந்த பிரச்சன நேர்ல இல்ல. ஆனா ஒண்ண தெளிவா வெச்சுக்கங்க. இளம்பிள்ளையில பெரும்பாலும் விசைத்தறி, சாஃப்ட் சில்க்னு சொல்றதுல பாதிக்கு மேல பட்டே இருக்காது, செயற்கை நூல்தான். அத அந்த விலைக்கு வாங்கினா நல்ல சேலை, தெனம் கட்டலாம், விசேசத்துக்கு எடுத்துக் குடுக்க பத்து சேலை வேணும்னா அதவிட நல்ல எடம் கெடையாது. பட்டுன்னு நெனைச்சு வாங்கினாத்தான் வருத்தம்.

பட்டு வேணும்னா அம்மாபேட்டை, பொன்னம்மாபேட்டை, குகை பக்கம் கைத்தறி சொசைட்டிங்க, நெசவு வீடுங்க இருக்கு. நம்ம ஊர் பேரு வாங்கினது சேலைல கூட இல்லீங்க, வேட்டில. சேலம் வெண்பட்டு, புவிசார் குறியீடு வாங்கினது. மாமாவுக்கு ஒரு வெண்பட்டு வேட்டியும் அங்கவஸ்திரமும் எடுத்து குடுங்க, கல்யாணத்துல கட்டினா அந்த வெள்ளையோட மினுமினுப்பே தனி. ஓரத்துல ரெண்டு நூல் பிரிச்சு கொளுத்தி காட்ட சொல்லுங்க, பட்டுன்னா முடி பொசுங்கற நாத்தம் வரும், சாம்பல் விரல்ல தேச்சா பொடியாயிரும், செயற்கைன்னா உருகி மணியா கெட்டியாயிரும். கைத்தறிக்காரர் தயங்காம செஞ்சு காட்டுவார்.

பட்டுச்சேலை, கரை போட்ட வேட்டி எல்லாம் கைத்தறில மட்டும்தான் நெய்யணும்னு 1985லயே ஒதுக்கீட்டுச் சட்டம் போட்டிருக்காங்க, அப்படியும் விசைத்தறில நெய்ஞ்சு கைத்தறின்னு விக்கறது நிக்கல. எங்கப்பா தறில ஒக்காந்த ஆளு, ஒரு சேலைக்கு எத்தனை பொழுது போகும்னு பாத்து வளந்தவன் நான். அதனால கேக்கறன், கைத்தறின்னு விலை குடுக்கும்போது கைத்தறி முத்திரை இருக்கான்னு ஒருதடவ பாத்துருங்க, அந்த காசு தறில ஒக்காந்தவருக்கு போய் சேரணும்.

நடுசாலை:
மாம்பழம் எங்கிட்ட விடுங்க. மே கடைசின்னா மல்கோவா நல்லா வந்திருக்கும், இமாம்பசந்தும் இருக்கும். சேலம் குண்டு, நடுசாலை, செந்தூரா, பெங்களூரா எல்லாம் சின்னக்கடை வீதி மண்டிங்கள்ல கூடை கூடையா எறங்கும். வரகம்பாடி பக்கத்து பழம்னு கேட்டு வாங்குங்க, மலை அடிவாரத்து மண்ணு அது, ருசி தெரியும்.

மல்கோவா பாக்க அழகா இருக்காது, உருண்டையா, பச்சை மாறாம, அங்கங்க புள்ளியோட இருக்கும், அத பாத்து ஒதுக்கிட்டு பளபளன்னு மஞ்சளா இருக்கறத எடுத்துட்டு போறவங்கள பாத்தா கைய புடிச்சு நிறுத்தணும்னு தோணும். காம்புகிட்ட மோந்து பாருங்க, வாசம் வந்தா வாங்குங்க. கூடை முழுக்க ஒரே மாதிரி மஞ்சளா இருந்து வாசமே இல்லன்னா கல்லு வெச்சு பழுக்க வெச்சதா இருக்கும், கார்பைடு தடை பண்ணி பல வருசம் ஆகியும் அங்கங்க நடக்குது. எத்திலீன் வாயுல பழுக்க வெக்கறதுக்கு அனுமதி இருக்கு, அது வேற.

ஜவ்வரிசி:
மும்பைன்னு சொன்னதும் எழுதத் தோணுச்சு. அங்க விரத நாள்ல கிச்சடி பண்றாங்களே சாபுதானா, அது நம்ம சேலம் ஜவ்வரிசிதான். குச்சிக்கெழங்குல (மரவள்ளி) இருந்து பால் எடுத்து செய்யறது, இரண்டாம் உலகப்போர் சமயத்துல வெளிநாட்டு சரக்கு நின்னப்ப இங்க ஆரம்பிச்ச தொழில். 1981ல சேகோசர்வ் கூட்டுறவு சங்கம் வந்து ஏலத்துல விக்க ஆரம்பிச்சாங்க, 2023ல புவிசார் குறியீடும் கெடைச்சுது. உங்க அக்கா அங்க வாங்கறதே இங்க இருந்து போறதுதான்னு சொல்லுங்க, சந்தோசப்படுவாங்க. வாங்கினா ரொம்ப வெள்ளை வெளேர்னு இருக்கறத எடுக்காதீங்க, லேசா மங்கலா இருக்கணும். ஜவ்வரிசி வத்தலும் கெடைக்கும், எடை கம்மி, ட்ரெய்ன்ல கொண்டு போக ஈசி.

குகைக்காரன்:
சாயங்காலம் கால் வலிச்சா தட்டுவடை செட் சாப்டுங்க, வேற ஊர்ல இந்த ருசி வராது. ஆட்டையாம்பட்டி கை முறுக்கும் ரெண்டு பாக்கெட் எடுத்துக்கங்க. காய்கறி, கீரைக்கு அஸ்தம்பட்டி இல்லனா சூரமங்கலம் உழவர் சந்தை, காலைல சீக்கிரம் போகணும், 1999ல ஆரம்பிச்ச திட்டம், விவசாயிங்களே நேரா விக்கறது. சனிக்கிழமை அமைஞ்சா கொங்கணாபுரம் சந்தை, ஆடு, சேவல், காய்கறின்னு ஊரே கூடும், வாங்கறதுக்கு ஒண்ணும் இல்லன்னாலும் குழந்தைங்களுக்கு காட்டணும்.

மேட்டூர்_தண்ணி:
எல்லாருக்கும் சேத்து ஒரு கேள்வி. மலைக்கு முதல்ல போறதா, கடைசில போறதா? மாம்பழத்த எப்ப வாங்கறது, ட்ரெய்ன்ல மும்பை வரைக்கும் தாங்குமா?

ஒண்டிக்கடை_ஓரம்:
முதல்ல மலைக்கு வந்துருங்க, அதுவும் வார நாள்ல. சனி, ஞாயிறு கோடை விழா கூட்டத்துல 20 கொண்டை ஊசி வளைவும் கார் வரிசையா நிக்கும், சில சமயம் ஏற அடிவாரம் வழி, எறங்க குப்பனூர் வழின்னு ஒரு வழிப்பாதை ஆக்கிருவாங்க. குப்பனூர் வழில எறங்கறது நல்லதுதான், அந்தப்பக்கமும் கிராமங்கள் வரும், பலா கெடைச்சா அங்கயே வாங்கிக்கங்க. துணிப்பை கொண்டு வாங்க, பிளாஸ்டிக் பை குடுக்க மாட்டாங்க. வளைவுல பழப்பைய கையில தொங்கவிட்டுட்டு எறங்காதீங்க, குரங்கு புடுங்கிரும். காப்பியும் மிளகும் முதல் நாளே வாங்கினாலும் கெடாது.

நடுசாலை:
மாம்பழம் கெளம்பற அன்னிக்கு காலைல வாங்குங்க. பழமா வேண்டாம், முத்துன காயா, தோள் ரெண்டும் நல்லா பொடைச்சு காம்புகிட்ட குழி விழுந்ததா பாத்து எடுத்துத் தர சொல்லுங்க, மண்டிக்காரர் பாத்ததும் சொல்லிருவார். அட்டைப்பெட்டில ஓட்டை போட்டு, அடில வைக்கோலோ பேப்பரோ போட்டு, காம்பு கீழ பாக்கற மாதிரி ஒரே வரிசையா அடுக்குங்க, மேல மேல வேண்டாம். சீட்டுக்கு அடில வெயில் படாம வெச்சுக்கங்க. வீடு போனதும் பெட்டிய பிரிச்சு வெச்சுட்டு தெனம் மோந்து பாத்து, வாசம் வர்றத மட்டும் எடுத்து அறுக்க சொல்லுங்க, மிச்சத்த ஃப்ரிட்ஜ்ல வெச்சுடாதீங்க.